நீளமான சொல்லைப் பிரித்துப் படிப்போம்

எழுத்து தெரியும், சொல் தெரியவில்லை

தமிழில் உயிர் எழுத்து 12. மெய் எழுத்து 18. உயிர்மெய் எழுத்து 216. ஆய்த எழுத்து 1. ஆக மொத்தம் 247.

இத்தனை எழுத்தையும் கற்றுக்கொண்டவர்கள் பலர். 'அம்மா' என்று படிப்பார்கள். 'பால்', 'படம்', 'வீடு' என்று படிப்பார்கள். பேருந்தின் நெற்றியில் உள்ள ஊர்ப் பெயரைப் படிப்பார்கள். தங்கள் பெயரைத் தாங்களே எழுதுவார்கள்.

ஆனால், கையில் ஒரு செய்தித்தாளைக் கொடுத்தால் தயங்குவார்கள். ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்தால், "நீங்களே படிச்சுச் சொல்லுங்க" என்பார்கள்.

ஏன் இப்படி? செய்தித்தாளில் இருப்பதும் அதே 247 எழுத்துத்தான். புதிய எழுத்து ஒன்றும் இல்லை. சொல்தான் நீளமாக இருக்கிறது.

'வீடு' என்பதில் 2 எழுத்து. 'வீடுகளிலிருந்து' என்பதில் 8 எழுத்து. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படிப்பவர் எட்டாவது எழுத்துக்கு வருகிறார். அதற்குள் முதல் எழுத்து மறந்துபோகிறது. திரும்பவும் தொடக்கத்துக்குப் போகிறார். திரும்பவும் மறக்கிறது. மூன்றாவது முறை புத்தகத்தை மூடி வைக்கிறார். "வயசாயிடுச்சு. மண்டையில ஏறல" என்கிறார்.

இது வயதின் குற்றம் இல்லை. அறிவின் குற்றமும் இல்லை. எட்டுப் பத்துத் தனி எழுத்தை மனதில் அடுக்கி வைப்பது யாருக்கும் கடினம். நன்றாகப் படிப்பவர்கள் அப்படிப் படிப்பதே இல்லை. அவர்கள் சொல்லைத் துண்டு துண்டாகப் பார்க்கிறார்கள்.

வீடு – கள் – இல் – இருந்து

எட்டு எழுத்து, நான்கு துண்டாகிவிட்டது. நான்கும் தெரிந்த துண்டுகள்.

வாழைத்தாரை முழுதாக யாரும் வாயில் வைப்பதில்லை. சீப்புச் சீப்பாக வெட்டுகிறோம். பழம் பழமாக உரிக்கிறோம். நீளமான சொல்லும் அப்படித்தான். பிரித்தால் வாய்க்குள் போகும்.

தமிழில் ஏன் இத்தனை நீளம்?

இந்தியாவில் பல மொழிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சொல்லை அமைக்கிறது.

இந்தியில் வீட்டுக்கு 'கர்' என்று பெயர். 'வீட்டில்' என்பதற்கு 'கர் மே' என்பார்கள். அதை இரண்டு சொல்லாக, இடம் விட்டு எழுதுவார்கள்.

தமிழில் அப்படி இல்லை. 'இல்' என்பது முன்னால் உள்ள சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். 'வீட்டில்' என்று ஒரே சொல்லாகிவிடும். கன்னடம், தெலுங்கு, மலையாளமும் இப்படித்தான். தமிழில் 'ஊரில்'. தெலுங்கில் 'ஊரிலோ'. கன்னடத்தில் 'ஊரினல்லி'. எல்லாவற்றிலும் 'ஊர்' முன்னால் நிற்கிறது. மற்றது பின்னால் ஒட்டுகிறது.

ஒட்டிக்கொண்டே போவதால் சொல் நீள்கிறது. ஆனால் இதில் ஒரு நன்மை உண்டு. ஒட்டுகிற துண்டுகள் கொஞ்சம்தான். திரும்பத் திரும்ப அவையே வருகின்றன. பத்துத் துண்டுகள் தெரிந்தால் நூற்றுக்கணக்கான சொற்களைப் படித்துவிடலாம்.

முன்னால் நிற்கும் சொல்லை 'அடிச்சொல்' என்று வைத்துக்கொள்வோம். பின்னால் ஒட்டுவதை 'ஒட்டு' என்று வைத்துக்கொள்வோம்.

பெயரோடு சேரும் ஒட்டுகள்

'ஊர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம்.

ஊர் + ஐ = ஊரை
ஊர் + இல் = ஊரில்
ஊர் + உக்கு = ஊருக்கு
ஊர் + ஆல் = ஊரால்
ஊர் + ஓடு = ஊரோடு
ஊர் + உடைய = ஊருடைய
ஊர் + இல் + இருந்து = ஊரிலிருந்து
ஊர் + கள் = ஊர்கள்
ஊர் + கள் + உக்கு = ஊர்களுக்கு

'கள்' வந்தால் ஒன்றுக்கு மேல். 'இல்' வந்தால் இடம். 'உக்கு' வந்தால் போய்ச் சேருவது. 'இருந்து' வந்தால் புறப்பட்டு வருவது. 'ஓடு' வந்தால் கூட இருப்பது.

'ஊர்' இருந்த இடத்தில் 'கடை' என்று வையுங்கள். கடையை, கடையில், கடைக்கு, கடையிலிருந்து, கடைகள், கடைகளுக்கு. நடுவில் ஒரு 'ய்' வந்தது. 'உக்கு' என்பது 'க்கு' ஆனது. மற்றபடி அதே ஒட்டுகள்தான்.

அடிச்சொல் கொஞ்சம் முகம் மாறும்

ஒட்டு வந்து சேரும்போது சில அடிச்சொற்கள் கொஞ்சம் மாறும். மாப்பிள்ளை ஆனதும் வேட்டி மாற்றுவதில்லையா? ஆள் அதே ஆள்தான். அதுபோலத்தான் இதுவும்.

'ம்' என்று முடியும் சொல்லில் 'ம்' போகும், 'த்து' வரும்.

மரம் – மரத்தில்
பணம் – பணத்தை
குளம் – குளத்துக்கு
கூட்டம் – கூட்டத்திலிருந்து

'டு' என்று முடியும் சொற்கள் பலவற்றில் 'ட்டு' வரும்.

வீடு – வீட்டில்
காடு – காட்டுக்கு
மாடு – மாட்டை

'று' என்று முடியும் சொற்கள் பலவற்றில் 'ற்று' வரும்.

ஆறு – ஆற்றில்
கிணறு – கிணற்றில்
வயிறு – வயிற்றில்
சோறு – சோற்றை

இது எழுதும்போதும் உதவும். பேச்சில் 'குளத்துல' என்கிறோம். 'கிணத்துல' என்கிறோம். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்கிறது. எழுதும்போது குழப்பம் வருகிறது. 'கிணத்தில்' என்பதா? 'குளற்றில்' என்பதா?

அடிச்சொல்லைக் கேளுங்கள். அது பதில் சொல்லும். 'குளம்' என்பதில் 'ம்' இருக்கிறது. ஆகவே குளத்தில். 'கிணறு' என்பதில் 'று' இருக்கிறது. ஆகவே கிணற்றில். 'ஆத்துல' என்று வாய் சொல்லும். 'ஆறு' என்று அடிச்சொல் சொல்லும். 'ஆற்றில்' என்று கை எழுத வேண்டும்.

'கள்' சேரும்போதும் இப்படி மாற்றம் உண்டு. மரம் – மரங்கள். கல் – கற்கள். பொருள் – பொருட்கள்.

மயிலுக்குள் 'இல்' உண்டா?

ஒரு கற்போர் மையம். இரவு 7 மணி. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தொண்டர் ஓர் இளம்பெண். கல்லூரியில் படிப்பவர். பழைய நாள்காட்டி அட்டையை நறுக்கிச் சீட்டாக்கி வைத்திருந்தார். ஒரு சீட்டில் 'ஊர்'. ஒரு சீட்டில் 'கடை'. மற்ற சீட்டுகளில் 'இல்', 'உக்கு', 'இருந்து', 'கள்'.

பெண்கள் சீட்டை மாற்றி மாற்றி வைத்துப் படித்தார்கள். சீட்டு விளையாட்டுப்போல இருந்தது. சிரிப்பும் வந்தது.

கீரை விற்கும் ஓர் அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஏம் பாப்பா, மயில்லேயும் 'இல்' இருக்கே. அதையும் பிரிக்கணுமா?" என்று கேட்டார்.

"நல்ல கேள்விம்மா. 'இல்'லை எடுத்துட்டா மீதி என்ன இருக்கு?"

"மய்."

"மய்யின்னா என்னம்மா?"

"ஒண்ணும் இல்லையே!"

"அப்படின்னா அதைப் பிரிக்கக் கூடாது. மயில் முழுச் சொல். 'கடையில்' எடுத்துக்குங்க. 'இல்'லை எடுத்தா?"

"கடை. அதுக்கு அர்த்தம் இருக்கு."

"அவ்வளவுதாம்மா கணக்கு."

பக்கத்தில் இருந்த அக்கா, "வெயிலும் மயில் மாதிரித்தான்" என்றார். "ஆமாக்கா" என்றார் தொண்டர்.

இதுதான் சோதனை. ஒட்டை எடுத்த பிறகு மீதி இருப்பதற்குப் பொருள் இருக்க வேண்டும். அந்தப் பொருள் முழுச் சொல்லின் பொருளோடு சேர வேண்டும். சேர்ந்தால் பிரிக்கலாம். சேராவிட்டால் அது முழுச் சொல்.

வேலையைச் சொல்லும் சொற்கள்

வா, போ, படி, எழுது, கொடு, வாங்கு. இவை வேலையைச் சொல்லும் சொற்கள். இவற்றில் மூன்று துண்டுகள் இருக்கும்.

முதல் துண்டு: என்ன வேலை?
நடுத் துண்டு: எப்போது?
கடைசித் துண்டு: யார்?

'படித்தாள்' என்ற சொல்லைப் பாருங்கள்.

படி – வேலை
த்த் – நடந்து முடிந்தது
ஆள் – அவள்

'படிக்கிறாள்' என்றால் இப்போது படிக்கிறாள். நடுவில் 'க்கிற்' வந்தது. 'படிப்பாள்' என்றால் இனிமேல்தான் படிப்பாள். நடுவில் 'ப்ப்' வந்தது. முன்னும் பின்னும் மாறவில்லை. நடு மாறியது, காலம் மாறிவிட்டது.

கடைசித் துண்டு ஆளைக் காட்டும்.

கொடுத்தேன் – நான்
கொடுத்தோம் – நாங்கள்
கொடுத்தாய் – நீ
கொடுத்தீர்கள் – நீங்கள்
கொடுத்தான் – அவன்
கொடுத்தாள் – அவள்
கொடுத்தார் – அவர்
கொடுத்தார்கள் – அவர்கள்

எல்லாச் சொல்லிலும் நடுத் துண்டு ஒன்றாகவே இருக்காது. கொடுத்தேன், நடந்தேன், வாங்கினேன், சாப்பிட்டேன் என்று முடிந்த காலம் பலவிதமாக வரும். ஆனால் 'கிற்' வந்தால் அது நிகழ்காலம். அதை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம்.

இந்த முறை புதிது இல்லை. சுமார் 800 ஆண்டுகளுக்கு முன்பு பவணந்தி முனிவர் 'நன்னூல்' என்ற இலக்கண நூலை எழுதினார். ஒரு சொல்லைப் பிரித்தால் கிடைக்கும் உறுப்புகள் ஆறு என்று அதில் சொன்னார். முன்னால் நிற்பது பகுதி. கடைசியில் நிற்பது விகுதி. நடுவில் காலம் காட்டுவது இடைநிலை. சந்தி, சாரியை, விகாரம் என்று இன்னும் மூன்று. பள்ளிப் பிள்ளைகள் இன்றும் இதைப் படிக்கிறார்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு முதல் மூன்றே போதும்.

நடுத் துண்டு காப்பாற்றியது

காலம் காட்டும் நடுத் துண்டு சின்னதுதான். ஆனால் அதைப் பார்க்காமல் விட்டால் கைக்காசு போய்விடும்.

ஒரு பெண் கட்டட வேலைக்குப் போகிறவர். சித்தாள் வேலை. மையத்தில் ஆறு மாதம் படித்தவர். சனிக்கிழமை மாலை கூலி நாள். மேஸ்திரி ஒரு சீட்டை நீட்டினார்.

"இந்தா, கையெழுத்துப் போடும்மா. ஓனர் வெளியூர் போயிருக்கார். பணம் திங்கக்கிழமை வரும்."

அந்தப் பெண் சீட்டை வாங்கினார். முன்பெல்லாம் கேள்வி கேட்காமல் கைநாட்டு வைத்தவர்தான். இப்போது விரலை வைத்து மெதுவாகப் படித்தார். அதில் இப்படி எழுதி இருந்தது:

'6 நாள் கூலி ரூ. 3,600 பெற்றுக்கொண்டேன்.'

கடைசிச் சொல் நீளம். பாதியை விரலால் மூடினார். 'பெற்று' என்று படித்தார். விரலை எடுத்தார். 'கொண்டேன்' என்று படித்தார்.

"மேஸ்திரி, இதுல 'பெற்றுக்கொண்டேன்'னு இருக்கே. நான் இன்னும் வாங்கலையே" என்றார்.

"அது சும்மா எழுதறதும்மா. எல்லாரும் போட்டுட்டாங்க, பாரு."

"'கொள்வேன்'னு இருந்தா இனிமேதான். 'கொண்டேன்'னா வாங்கி முடிச்சாச்சுன்னுதானே அர்த்தம்? நாளைக்கு ஓனர் 'குடுத்தாச்சே, கையெழுத்து இருக்கே'ன்னு சொன்னா நான் என்ன பண்ணுவேன்? பணம் வரட்டும் மேஸ்திரி. எண்ணி வாங்கிட்டுப் போடறேன்."

மேஸ்திரி சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை பணம் வந்தது. அந்தப் பெண் எண்ணிப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

பெற்றுக்கொண்டேன் – வாங்கி ஆயிற்று
பெற்றுக்கொள்கிறேன் – இப்போது வாங்குகிறேன்
பெற்றுக்கொள்வேன் – இனி வாங்குவேன்
பெற்றுக்கொள்ளவில்லை – வாங்கவில்லை

நான்கும் 'பெற்றுக்கொ' என்றே தொடங்குகின்றன. தொடக்கத்தை மட்டும் பார்த்தால் நான்கும் ஒன்றுபோல இருக்கும். காலமும் 'இல்லை' என்பதும் பின்னால்தான் இருக்கின்றன.

'இல்லை' வாலில் இருக்கும்

தடுமாறிப் படிப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. முதல் மூன்று நான்கு எழுத்தைப் படிப்பார்கள். மீதியை ஊகித்துச் சொல்லிவிடுவார்கள். தமிழில் இது ஆபத்து. ஏனென்றால் வேலையைச் சொல்லும் சொல்லில் 'வேண்டாம்', 'இல்லை', 'கூடாது' என்ற செய்தி முன்னால் வராது. வேலைக்குப் பின்னால்தான் வரும்.

போட்ட – போடாத
கட்டியவர்கள் – கட்டாதவர்கள்
வந்தார் – வரவில்லை
கொடுக்கலாம் – கொடுக்கக்கூடாது
வழங்கப்படும் – வழங்கப்படமாட்டாது

'தடுப்பூசி போட்ட குழந்தைகள்' வேறு. 'தடுப்பூசி போடாத குழந்தைகள்' வேறு. முகாமுக்கு யாரை அழைத்துப் போவது என்பது இந்த 'ஆத' என்ற துண்டில் இருக்கிறது.

மருந்துப் புட்டியில் 'குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது' என்று இருக்கும். 'குழந்தைகளுக்குக் கொடுக்க' என்பதோடு நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? எழுதியது ஒன்று, செய்தது அதற்கு நேர் எதிர்.

ஆகவே நீளமான சொல்லின் தலையையும் பார்க்க வேண்டும். வாலையும் பார்க்க வேண்டும். ஆத, ஆது, இல்லை, மாட்டா, கூடாது. இந்த ஐந்து துண்டுகளையும் தனியாக எழுதிப் பழகுவது நல்லது.

அலுவலகச் சொற்கள்

அலுவலகப் பலகையிலும் தாளிலும் வரும் சொற்கள் மிரட்டும். பிரித்தால் அவையும் வழிக்கு வரும்.

'படு' என்ற துண்டு அடிக்கடி வரும். யார் செய்கிறார் என்று சொல்லாமல் செய்தியை மட்டும் சொல்லும்.

வழங்கப்படும் – கொடுப்பார்கள்
நிராகரிக்கப்படும் – ஏற்கமாட்டார்கள்
கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் – அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்

இடத்தைக் காட்டும் துண்டு 'அகம்'.

நூல் + அகம் = நூலகம்
அஞ்சல் + அகம் = அஞ்சலகம்
மருந்து + அகம் = மருந்தகம்
உணவு + அகம் = உணவகம்

ஆளைக் காட்டும் துண்டுகள் சில உண்டு.

ஆளர்: செயலாளர், பொருளாளர், வாக்காளர், எழுத்தாளர்
ஆளி: தொழிலாளி, நோயாளி, கடனாளி, பயனாளி
காரர்: பால்காரர், கடைக்காரர், வண்டிக்காரர்
தாரர்: விண்ணப்பதாரர், சந்தாதாரர், குத்தகைதாரர்

மகளிர் சுய உதவிக் குழுவில் தீர்மானப் புத்தகம் எழுதுவார்கள். 'செயலாளர்' என்று எழுதும்போது சிலருக்குச் சந்தேகம் வரும். முதலில் வருவது 'ல'வா, 'ள'வா? அடிச்சொல் என்ன? செயல். ஆகவே செயல் + ஆளர் = செயலாளர். பொருளைக் கவனிப்பவர் யார்? பொருள் + ஆளர் = பொருளாளர். அடிச்சொல்லில் என்ன எழுத்தோ, நீளமான சொல்லிலும் பெரும்பாலும் அதே எழுத்துத்தான்.

வேலைக்குப் போனால் வேலைக்காரர். மாத்திரை மூன்று வேளைக்கு. வேலை வேறு, வேளை வேறு. அடிச்சொல் தெளிவானால் எழுத்தும் தெளிவாகும்.

பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம்

இந்தியாவில் 1951-ஆம் ஆண்டு 100 பேரில் சுமார் 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். 1988-ஆம் ஆண்டு தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. தெருத் தெருவாகத் தொண்டர்கள் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 100 பேரில் 70 பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆனார்கள். 2022-ஆம் ஆண்டு புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் தொடங்கியது. அது 15 வயதைக் கடந்தவர்களுக்கானது.

ஆனால் எழுத்தைக் கற்றால் மட்டும் போதாது. படிப்பது சிரமமாக இருந்தால் படிப்பை விட்டுவிடுவார்கள். விட்டால் மறந்துவிடும். எழுத்தைக் கற்று, பிறகு மறந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதற்குச் சொல்லைப் பிரிக்கும் பழக்கம் உதவும். இதைச் சொல்லிக்கொடுக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

1. ஒரு நாளுக்கு ஓர் அடிச்சொல் போதும். அவர் தினமும் பேசும் சொல்லாக இருக்கட்டும். கடை, மாடு, கூலி, பணம்.

2. அதோடு ஒட்டுகளைச் சேர்த்து வாயால் சொல்லச் சொல்லுங்கள். பணம், பணத்தை, பணத்துக்கு, பணத்தோடு. பேசத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். முதலில் வாய், பிறகு கண், பிறகு கை.

3. சீட்டில் எழுதிச் சேர்த்துக் காட்டுங்கள். பிறகு பிரித்துக் காட்டுங்கள்.

4. நீளமான சொல் வந்தால் வாலை விரலால் மூடச் சொல்லுங்கள். தலையைப் படித்த பிறகு விரலை எடுக்கச் சொல்லுங்கள்.

5. பிரித்துப் படித்த சொல்லை மீண்டும் சேர்த்து, ஒரே மூச்சில் படிக்கச் சொல்லுங்கள். பிறகு முழு வரியையும் படிக்கச் சொல்லுங்கள். பிரிப்பது படிப்பதற்காகத்தான். பிரித்ததோடு நிறுத்தக் கூடாது.

6. தவறாகப் பிரித்தால் சிரிக்க வேண்டாம். "மீதிக்குப் பொருள் இருக்கா?" என்று கேளுங்கள். அவரே திருத்திக்கொள்வார்.

பயிற்சி

அ. பிரித்து எழுதுங்கள்:
1. கிணற்றிலிருந்து
2. கடைகளுக்கு
3. வாக்காளர்கள்
4. படிக்கிறேன்
5. கட்டாதவர்கள்

ஆ. சேர்த்து எழுதுங்கள்:
1. குளம் + இல்
2. வயிறு + இல்
3. நூல் + அகம்
4. பொருள் + கள்

இ. எது பிரியும்? எது பிரியாது?
வெயில், கையில், மயில், வயலில்

ஈ. எப்போது நடந்தது? முடிந்ததா, இப்போதா, இனிமேலா?
1. கடனைக் கட்டினேன்.
2. கடனைக் கட்டுவேன்.
3. கடனைக் கட்டுகிறேன்.

உ. கலந்து பேசுங்கள்:
ஒரு தாளில் 'மேற்கண்ட தொகையைப் பெற்றுக்கொண்டேன்' என்று இருக்கிறது. பணம் இன்னும் கைக்கு வரவில்லை. கையெழுத்துப் போடலாமா?

ஊ. வீட்டில் உள்ள குடும்ப அட்டை, மருந்து அட்டை, வங்கிப் புத்தகம் இவற்றில் ஒன்றை எடுங்கள். அதில் உள்ள நீளமான சொற்கள் ஐந்தை எழுதுங்கள். அடிச்சொல்லின் கீழே கோடு போடுங்கள்.

விடைகள்

அ. 1. கிணறு + இல் + இருந்து 2. கடை + கள் + உக்கு 3. வாக்கு + ஆளர் + கள் 4. படி + க்கிற் + ஏன் 5. கட்டு + ஆத + அவர்கள்

ஆ. 1. குளத்தில் 2. வயிற்றில் 3. நூலகம் 4. பொருட்கள்

இ. கையில், வயலில் – பிரியும். வெயில், மயில் – பிரியாது.

ஈ. 1. முடிந்தது 2. இனிமேல் 3. இப்போது